மாமாவின் லென்ஸும் கழலாத ஃபில்டரும்

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
26.10.1992

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை நாகராஜன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சந்திரகலாவும் உங்கள் பேரனும் சௌக்கியம். ஈரோட்டில் தாங்களும் அத்தையும் நலமென்று நம்புகிறேன். தங்கள் கேமராவின் நலம் பற்றித்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விமான நிலையத்தில் தாங்கள் மகளை ஒருமுறையும் கேமராவைப் பலமுறையும் "பத்திரம் மாப்ள" என்று ஒப்படைத்தது மறக்கவில்லை. டிசம்பரில் பேரன் மொட்டைக்குத் தாங்கள் இங்கே வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்பதும் தெரியும். இந்த ஆயுத பூஜையில் சந்திரகலா, "மிக்ஸிக்கே வச்சாச்சு, இதுக்கு வைக்காம விட்டா எப்படிங்க" என்று சந்தனத்தைக் குழைத்து, லென்ஸுக்கு முன்னால் திருகியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் நட்டநடுவில் பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் துடைத்தோம். ஆனால் நாங்கள் எடுத்த முதல் ரோலைக் கழுவி வாங்கினால் எல்லாப் படத்திலும் நடுவில் ஒரே மங்கல். பேரனுக்குக் காது இருக்கிறது, மூக்கைக் காணோம். சந்தனம் வழிந்து உள்ளே போயிருக்குமென்று ஃபில்டரைத் திருகினேன், அசையவில்லை, பாத்திரம் கழுவும் ரப்பர் உறையைப் போட்டுத் திருகினேன், உறைதான் கிழிந்தது, குளிரில் சுருங்கும் என்று ஆபீசில் ஒருவர் சொன்னதை நம்பி ஃப்ரீசரில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன், லென்ஸுக்கு வியர்த்தது, எனக்கும் வியர்த்தது. மரையில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருக்கிறது.

கடைசியில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் சச்சிதானந்தன், காரின் ஆயில் ஃபில்டர் கழற்றும் பட்டையோடு வந்தார்.

"பயப்பிடாதேங்கோ. இதால கழலாத சாமான் இல்லை."

"மெதுவாங்க. மாமனாரோடது."

"அப்ப நீங்கள் அங்கால போய் நில்லுங்கோ."

போய் நின்றேன். வளையத்தில் கீறல் விழுந்ததே தவிர ஃபில்டர் கழலவில்லை.

குற்றம் முழுவதும் எங்களுடையது, மன்னிக்கவும். கண்ணாடிக்குப் பொட்டு வைக்கும் மடத்தனத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். சந்திரகலாவைக் கடிந்துகொண்டேன், அன்றிலிருந்து வீட்டில் ரசம் மட்டும்தான். வந்ததும் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். மொட்டைக்கு மட்டும் வேறு கேமரா கொண்டுவரவும். அத்தைக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் ஆசி குறையாமல் இருக்க வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
நாகராஜன்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது சச்சிதானந்தன் மறுபடி வந்து இழுத்தார், கழன்றுவிட்டது. மாமா, ஃபில்டரின் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது. பொட்டு அதற்குப் பின்னால், லென்ஸின் மேலேயே இருக்கிறது. எந்தக் காலத்துச் சந்தனமோ, கறுத்துப்போயிருக்கிறது. நாங்கள் இந்த ஃபில்டரை இதற்குமுன் கழற்றியதே இல்லை. எனவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அத்தை முகம் மட்டும் மங்கலாக இருப்பதற்கு, அத்தை ஆடிவிட்டதுதான் காரணம் என்று இத்தனை வருடமும் திட்டி வந்திருக்கிறீர்களாம். சந்திரகலா இப்போது அத்தையோடுதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். தங்களை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமென்று இதை அவசரமாகத் தபாலில் சேர்க்கிறேன். பத்து நாளில் கிடைத்துவிடும்.