சர்வதேசக் கருத்தரங்கில் ஒரு சைக்கிள் பெல்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் மைக்கைப் பிடித்த எந்த மனிதரையும் பாதி வாக்கியத்தில் உட்கார வைக்கும் வல்லமை ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் இருந்தது. அந்த ஜீவனின் பெயர் பெல்லு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று வேறொன்று இருந்திருக்க வேண்டும். ஹால் டிக்கெட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நான் விலங்கியல் படித்த கல்லூரி இருக்கிறது. படித்தேன் என்பது கொஞ்சம் மிகை. ஒரே மேஜையில் தவளையும் நானும் மயங்கிக் கிடந்தோம். தவளைக்கு மருந்து கொடுத்தார்கள், எனக்குப் பாடம் நடத்தினார்கள். அங்கே மாணவர்களே முன்னின்று நடத்தும் சர்வதேச உயிரியல் ஆய்வுக் கருத்தரங்கு ஒன்று வருடா வருடம் உண்டு. அது சர்வதேசம் என்பதற்கு ஒரே ஆதாரம், ஜெர்மனியில் ஆய்வகம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் ஜெர்மனி சார். அவர் விமானம் ஏறினால் சர்வதேசம். ஏறாத வருடம், பேனரில் 'சர்வ' என்ற பாதியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுவார்கள்.

பழைய மாணவர்கள் வந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவது கருத்தரங்கின் ஒரு பகுதி. அதற்குப் பெயர் கேரியர் டாக். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது பெல்லு, அப்போது அந்தத் துறையின் மாணவி.

"அண்ணா, வணக்கமுங்க. கேரியர் டாக் ஒண்ணு தரணுமுங்க. நீங்க லைஃப் சயின்ஸ் இண்டஸ்ட்ரியில பெரிய எடத்துல இருக்கறீங்களாமா."

"கோழிப்பண்ணைக்கு ஈ மருந்து விக்கறேன் சாமி."

"அதேதானுங்ணா. வெக்டர் கன்ட்ரோல் எக்ஸ்பர்ட்டுன்னு போட்டுக்கறமுங்க. பத்து நிமிசம். அதுக்கு மேல போனீங்கன்னா பெல் அடிச்சுருவேன். தப்பா நெனைக்கப்படாது."

நான் தப்பாக நினைக்கவில்லை. சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அதுதான் தப்பு.

துறையில் ஏற்கெனவே ஒரு மேஜை மணி இருந்தது. உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று நாணத்தோடு ஒலிக்கும். சிறப்பு விருந்தினர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தங்களுக்குக் காபி வருகிறது என்று மகிழ்ந்து, இன்னும் உற்சாகமாகப் பேசினார்கள். நேரக் கண்காணிப்பு பெல்லுவிடம் வந்ததும் முதல் காரியமாக அந்த மணியை ஓரம் கட்டினாள். பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து பெல்லைக் கழற்றி, தவளை அறுக்கும் பலகையில் திருகி, முன்வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சைக்கிள் பெல்லுக்கு நம் ஊரில் ஒரு மகிமை உண்டு. காதில் விழுந்ததும் மூளையைக் கேட்காமலே கால் ஓரம் போகும்.

தொடக்க விழாவில் தாளாளர் பேசினார். அவருடைய பாட்டனார் கல்லூரிக்கு நிலம் கொடுத்த கதையில், பாட்டனார் இன்னும் பிறக்கக்கூட இல்லை. ட்ரிங் ட்ரிங்! மனிதர் சட்டென்று இடதுபக்கம் ஒதுங்கி, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் வரவேற்புரைக்காரர் மைக்கைக் கைப்பற்றிவிட்டார். பொன்னாடை போர்த்த வந்தவர்களுக்கும் ஒரு ட்ரிங். பாதி பேருக்குப் பொன்னாடையைக் கையில் கொடுத்து அனுப்பும்படி ஆயிற்று.

துறைத்தலைவர் அம்மா ஓடிவந்தார்.

"ஏம்புள்ள, தாளாளருக்கே அடிக்கறயா? என்ற வேலைக்கு ஒல வெக்கறயா?"

"அவருக்கு அஞ்சு நிமிசம்னு நீங்கதானுங்க மேடம் சொன்னீங்க."

"சொன்னேன் சாமி. சொன்னா அப்படியே செய்யறதா?"

தேநீர் இடைவேளையில் நானும் கேட்டேன், ஏன் இப்படிக் கொலைவெறி என்று. பிஸ்கட்டைக் கடித்தபடி சொன்னாள்.

"போன வருசம் பெரியவங்கெல்லாம் பேசி முடிக்கவே பொழுது எறங்கிருச்சுங்ணா. எங்க சீனியர் அக்கா ஒருத்தி, கொல்லிமலை அடிவாரத்துல வண்ணத்துப்பூச்சி பாத்துக்கிட்டே காலேஜ முடிச்சவ. அவ பேப்பர் வாரப்ப, 'டைட்டில மட்டும் படிச்சுட்டு எறங்கும்மா'ன்னுட்டாங்க. எறங்கிட்டா. இப்ப நகைக்கடையில நிக்கறா."

அப்புறம் கேரியர் டாக். ஒருவர் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு உதிரி பாகம் விற்கிறார்; உயிரியல் கற்றுத்தந்த பொறுமைதான் தன்னை உயர்த்தியது என்றார். இன்னொருவர் இன்ஷூரன்ஸ்; உயிரின் அருமையை இந்தத் துறைதான் உணர்த்தியது என்றார். உயிரியல் படித்து உயிரியலில் இருப்பவர் எவரையும் மேடையில் காணோம். நான் ஒரு ஜோக்கோடு போயிருந்தேன். பண்ணைக்கு வந்த டாக்டரைப் பார்த்துக் கோழி ஒரு கேள்வி கேட்கும். விற்பனைக் கூட்டங்களில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த சரக்கு. கோழி வாயைத் திறந்தது. ட்ரிங் ட்ரிங்! என் கால் ஒதுங்கிவிட்டது. பலத்த கைதட்டல். எனக்கா பெல்லுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது ஜெர்மனி சார். அந்த வருடம் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளை நேரில் கேட்டு, தேறுகிற ஒருவரைத் தன் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொள்வதாக. அது யாராக இருக்கும் என்பதில் கல்லூரியில் இரண்டாம் கருத்தே கிடையாது. பெல்லுதான்.

அவள் ஆராய்ச்சி ஒரு குளவியைப் பற்றியது. கடுகைவிடச் சிறியது. ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப்போய் அதற்குள் முட்டையிட்டு, ஈ வெளியே வராமலே கதையை முடித்துவிடும். அதற்காகச் சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணைகளில் கோழி எருவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்தத் தடத்து பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் அவளுக்கு மட்டும் மூன்று பேர் சீட் முழுசாகக் கிடைக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். அப்பா லாரி டிரைவர். "இதுல அமைஞ்சா போ சாமி. அமையலைன்னா ஈ படிச்சது போதும், ஒரு வேலைக்குப் போயிரு" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஜெர்மனி சார் மைக்கைப் பிடித்தபோது தோழிகள் பெல்லுவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காலுல உழுகறேன்டி. இவருக்கு மட்டும் அடிச்சராத. உன்ற வாழ்க்கைடி."

"தாளாளருக்கு ஒரு பெல்லு, இவருக்கு ஒரு பெல்லா?"

"சாமி, அந்தப் பலகையைக் குடு, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று நானும் கையை நீட்டிப் பார்த்தேன். ஜோக்கைப் பறிகொடுத்தவன் பேச்சு எடுபடுமா? தரவில்லை.

அவர் ஒற்றை ஸ்வெட்டரோடு ஜெர்மனியில் இறங்கிய கதையைச் சொன்னார். ஸ்வெட்டர் நனைந்தது. காய்ந்தது. மறுபடி நனைந்தது. பெல்லுவின் கட்டைவிரல் பெல்லின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. இரக்கப்பட்டுப் பொறுக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரிங் ட்ரிங்!

எல்லாரும் ஒதுங்கிய பெல்லுக்கு அவர் ஒருவர்தான் ஒதுங்கவில்லை. அந்த ஊரில் சைக்கிளுக்குத் தனிப்பாதையாம், பழக்கம் விட்டுப்போயிருந்தது. முகம் மலர்ந்து, "அடடே, நம்மூரு சைக்கிள் பெல்! கேட்டு எத்தனை நாளாச்சு!" என்றவர், ஜெர்மனியில் தான் வாங்கிய சைக்கிளின் கதையை ஆரம்பித்துவிட்டார். அவள் இன்னொரு முறை அடித்தாள். அவர் பனியில் சறுக்கி விழுந்தார். இன்னொரு முறை அடித்தாள். எழுந்து பஞ்சர் ஒட்டினார்.

பேச்சு முடிந்தபோது, கோயம்புத்தூர் போய் விமானம் பிடிக்க அவருக்கு நேரமாகிவிட்டது. மாணவர் கட்டுரைகள் ஒன்றுகூட ஆரம்பிக்கவில்லை. துறைத்தலைவர் அம்மா பெல்லுவை இழுத்துக்கொண்டு கார் வரைக்கும் ஓடினார்.

"சார், இந்தப் பொண்ணு பேப்பர் ஒண்ணையாவது கேட்டுட்டுப் போங்க சார்."

அவர் அன்போடுதான் பார்த்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. "நீதானேம்மா பெல் அடிச்சது? செம கான்ஃபிடன்ஸ்! ஈவன்ட் மேனேஜ்மென்ட்ல உனக்கு நல்ல ஃப்யூச்சர் இருக்கு. பேப்பரை மெயில் பண்ணு."

கார் கிளம்பியது. பெல்லு அன்றைக்கே மெயில் அனுப்பினாள். பதில் இன்னும் ஜெர்மனி பனியில் சறுக்கிக்கொண்டிருக்கிறது.

"நீ அடிச்ச பெல்லுதான்டி அவர் பேச்சைக் கெளப்பி உட்டுருச்சு" என்று தோழிகள் அழுதார்கள். அவர் அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தவர் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெல்லு மட்டும் அழவில்லை. மாணவர் கட்டுரைகளுக்கு நேரம் பார்க்கப் போய்விட்டாள்.

அவளுடைய கட்டுரை கடைசி. அந்த நேரம் பார்த்து வெளியே சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். அரங்கம் காலி. மைக்செட்காரர் ஒரு மூலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் இருந்தேன், சான்றிதழ் வாங்கி மாட்டி வைக்க என் வீட்டுச் சுவரில் இடமில்லை. பெல் அடிக்க வேறு ஆள் இல்லாததால் பலகையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பெல்லு பேசினாள். முதன்முறையாக அவள் மேடையில் பேசிக் கேட்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளவியைப் பற்றிச் சொல்லும்போது, அதற்கு எங்கே கூசிவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கே தூக்கம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆக, இதுல நான் கண்ட முடிவு என்னன்னா…"

ட்ரிங் ட்ரிங். தனக்குத்தானே அடித்துவிட்டு, வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, உன்னை ஆரு அடிக்கச் சொன்னா?"

"டைம் முடிஞ்சுருச்சுங்ணா."

"இங்க ஆரு இருக்கறா? ரெண்டு வார்த்தை பேசுனா குடியா முழுகிப்போகும்?"

"காலையில இருந்து ஊருக்கெல்லாம் அடிச்சுட்டு, நான் மட்டும் பேசுனா நல்லாவாங்ணா இருக்கும்?"

சொல்லிவிட்டுப் பெல்லைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள். திருகு வரவில்லை. அப்போதுதான் அழுதாள்.

கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் விடவில்லை. "இங்க மேடையும் இல்ல, பெல்லும் இல்ல. அந்த முடிவைச் சொல்லு."

"மருந்து அடிச்சா ஈயும் சாவுதுங்ணா, குளவியும் சாவுது. ஈ சீக்கிரம் திரும்பி வந்துருது. குளவி வாரதில்ல. அதனால அடுத்த தடவை ஈ இன்னும் சாஸ்தி."

"எந்த மருந்து?"

சங்கடமாக என்னைப் பார்த்தாள். "உங்க கம்பெனிதுதானுங்ணா."

மாதா மாதம் என் டார்கெட் எப்படி முடிகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "அப்ப நான் என்ன பண்ணட்டும் சாமி?"

"வேற வேலை பாருங்ணா." அந்தக் கருத்தரங்கில் நடந்த ஒரே உண்மையான கேரியர் டாக் அதுதான்.

நான் வேறு வேலை பார்க்கவில்லை. அவள்தான் வேலைக்கு வந்தாள், எங்கள் கம்பெனிக்கே, எனக்குக் கீழே, அதே ஈ மருந்தை விற்க. அப்பா சொன்ன சொல் அப்படி. எங்கள் முதலாளி, "ஈயைப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியுமுங்க" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவளைப் போல மோசமான விற்பனைப் பிரதிநிதியை இந்த வட்டாரம் கண்டதில்லை. மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்பே, "எருவ ஒரேயடியா வாரிராதீங்க, கொஞ்சம் காஞ்சது கெடக்கட்டுமுங்க, அதுல ஒரு குளவி இருக்குது" என்று ஆரம்பித்துவிடுவாள். பண்ணைக்காரர்கள் மரியாதைக்குக் கொஞ்சம் தலையாட்டுவார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "அதெல்லாஞ் சரிங்க, மருந்து கொண்டாந்தீங்களா?" என்பார்கள். போன் வரும், எழுந்து போய்விடுவார்கள்.

அவள் பாட்டுக்குக் கொட்டகை ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பாள். கோழிகள் கேட்கும். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நானும் நிற்கிறேன்.