நீ முதல்ல கொப்பளி

குளியலறைக் கதவு மறுபடியும் தட்டப்பட்டபோது அவள் வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே என்னதான் பண்றே?" கணவர் குரல்.

"முகம் கழுவுறேன்."

"முகமா, தரையா? எவ்வளவு நேரமா தண்ணி ஓடுது!"

அவள் வாயில் இன்னும் கொஞ்சம் ரத்தம் இருந்தது. துப்பினாள். பேசின் வெள்ளையாகும்வரை விரலால் தேய்த்தாள். பிரஷ்ஷின் நாரில் ஒட்டியிருந்த சிவப்பையும் அலசிவிட்டு, அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். தடயம் எதுவும் பாக்கியில்லை. கதவைத் திறந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரித்தபடி வெளியே வந்தாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யப்போகும் தப்பை அரை நொடி முன்னாலேயே பிடித்து நிறுத்துகிற வேலை. அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பு செய்த தப்புதான் தெரியாமல் போனது.

நம் எல்லார் உடம்புக்குள்ளும் காவல்காரர்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளைப் பிடித்து உதைப்பது அவர்கள் வேலை. அவளுடைய காவல்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், சொந்த வீட்டுக் கல்லீரலையே திருடன் என்று நினைத்துச் சாத்தத் தொடங்கிவிட்டார்கள். காவல்காரர்களை அரைத் தூக்கத்தில் வைக்க டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். கல்லீரல் தப்பித்தது. ஆனால் அரைத் தூக்கத்தில் இருப்பவன் வாசலை மட்டும் எப்படி ஒழுங்காகப் பார்ப்பான்? உடம்புக்கு வாசல் வாய். பல்லும் ஈறும் சேருகிற இடுக்கில் கிருமிகள் பாய் விரித்துப் படுத்துவிட்டன. போதாததற்கு, ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதியைத் தயாரித்து அனுப்புவதும் கல்லீரல்தான். அடி வாங்கிய தொழிற்சாலையில் சரக்கு தாமதமானால், ஈறில் ஒரு சின்னக் கீறல்கூட நின்று நிதானமாகத்தான் ரத்தத்தை நிறுத்தும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கல்லீரல் டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னார். "பல் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்கம்மா."

"சரிங்க டாக்டர்" என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காரணம் கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டான குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கக்கூடிய மனிதர். ஆனால் நோய் வந்தது அவளுக்கு, மெலிந்தது அவர். தினமும் காலையில் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, "கண்ணைக் காட்டு" என்று இமையை இழுத்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். ஷேவ் பண்ணும்போது விசிலடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அது நின்றுபோனது. ரத்தப் பரிசோதனையெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், ஒருநாள் கண்ணாடி முன்னாலிருந்து மெதுவாக ஒரு விசில் கேட்டது. சுருதி சேராத விசில். அவள் அடுப்படியில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். இந்த விசிலை நிறுத்துகிற எந்தச் செய்தியையும் இனி வீட்டுக்குள் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஆகவே, ஈறு வீங்கியபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏம்மா, பிஸ்கட்டை ஏன் டீயில முக்கி முக்கித் திங்கிறே?"

"ருசியா இருக்கு."

"வாங்கி வெச்ச ஆப்பிள் அப்படியே கிடக்கு."

"புளிக்குது."

"பல்லுல ஏதாவது...?"

"என் பல்லுக்கு என்ன? இரும்பு மாதிரி இருக்கு."

"இரும்புன்னா துருப் பிடிக்குமே" என்றார் மெக்கானிக். "சும்மா ஒரு எட்டு பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா?"

"ஏங்க, இருக்கிற டாக்டருங்க பத்தாதா? பல்லுக்கு வேற ஒருத்தரைப் போய்ப் பார்க்கணுமா? உங்களுக்கு வேணும்னா நீங்க போங்க."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

வேலையிடத்தில் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாயைத் திறந்தால் வலித்தது. வீக்கமும் வெளியே தெரிந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கை ஜாடையிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அப்போது அவளிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ஒரு திருப்பத்தில் அவளுக்கு ஈறு சுரீரென்று இழுத்தது. கையைத் தாடையில் வைத்தாள். முழங்கை இடது பக்கம் நீண்டது. வாத்தியார் உடனே இடது பக்கம் திருப்பினார்.

அங்கே இருந்தது கார் கழுவும் கூடம். தானாக இயங்குவது. அவள் பிரேக்கில் கால் வைப்பதற்குள் சக்கரம் காரை உள்ளே இழுத்துப்போகிற பட்டையில் ஏறிவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் இரண்டும் திறந்திருந்தன.

"டீச்சர், இதுவும் பாடத்துல உண்டா?" என்றார் வாத்தியார், சோப்பு நுரைக்குள்ளிருந்து.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவளைக் கணவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"மழை."

"வெயில் கொளுத்துதே?"

"அங்க பெஞ்சுது."

மறுநாள் காலையில் விசில் கேட்கவில்லை. வலது கன்னத்தைக் கையால் தாங்கியபடி அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பல்லு வலிக்குதும்மா."

அவளுக்கு முதலில் பகீரென்றது. அடுத்த நிமிஷமே, சொல்லவே வெட்கமான ஒரு சந்தோஷம் வந்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் படுக்க ஒருத்தி, பார்த்துக்கொள்ள ஒருவர் என்று பங்கு பிரிந்திருந்தது. இப்போது அவளுக்கும் ஒரு நோயாளி கிடைத்துவிட்டார்.

"எந்தப் பல்லு?"

"கீழே. கடைசி."

டார்ச்சைக் கொண்டுவந்தாள். அவர் வாயை ஒருக்களித்த கதவு மாதிரிக் கொஞ்சமாகத் திறந்து, "அதுக்கு மேல திறந்தா உயிர் போகுது" என்றார்.

"சரி, உப்புத் தண்ணி கொப்பளிங்க. வெதுவெதுப்பா இருக்கணும். உப்பு, வீக்கத்துல இருக்கிற நீரை வெளியே இழுத்துடும்."

"எப்படிக் கொப்பளிக்கணும்?"

"இதுகூடத் தெரியாதா?"

"நீ முதல்ல கொப்பளி. பார்த்துக்கிறேன்."

கொப்பளித்துக் காட்டினாள். "வேகமா பண்ணிட்டே, புரியல" என்றார். இன்னொரு தடவை காட்டினாள். "இடது பக்கம் எப்படி?" அதையும் காட்டினாள். கடைசியில் அவர் தன் பங்கு உப்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டார். அன்றைக்கெல்லாம் தாகம் தாகம் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். உப்புத் தண்ணீர் பாடம் தினமும் காலை, மாலை நடந்தது. ஒருநாள்கூட அவருக்குப் பிடிபடவில்லை.

மென்மையான நாருள்ள பிரஷ் ஒன்று வாங்கிவந்தாள்.

"ரெண்டா வாங்கியிருக்கலாமே?" என்றார். "நான் மட்டும் குழந்தை பிரஷ்ஷால தேய்க்கிறது மானக்கேடா இருக்கு. நீயும் துணைக்குத் தேய்."

அடுத்தது கிராம்பு எண்ணெய். பஞ்சில் நனைத்து நீட்டினாள். அவரே வாங்கி வாய்க்குள் திணித்துக்கொண்டார். எண்ணெய் கொஞ்சம் தாராளம். நாக்கும் உதடும் மரத்துப்போன நேரம் பார்த்து, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாக போன் வந்தது.

"வழவை வழக்காழீங்க, வழேன்" என்றார் அவர் போனில். கதவைத் திறக்காதீர்கள், வருகிறேன் என்று அர்த்தம்.

மெக்கானிக் காலையிலேயே குடித்துவிட்டார் என்று அங்கிருந்த காவலாளி மேனேஜரிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆபீஸில் வாயை ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஊதினார். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன சரக்குய்யா, மசாலா வாசனை அடிக்குது?" என்றாராம்.

"எல்லாம் உன் வைத்தியம்" என்றார், வீட்டுக்கு வந்து.

"பேசாம சாப்பிடுங்க" என்று குழைய வேகவைத்த காயையும் சூப்பையும் முன்னால் வைத்தாள். வறுத்த கடலை என்றால் உயிரை விடுகிற மனிதர் அதைப் பார்த்த பார்வை பரிதாபமாக இருந்தது. அவர் மட்டும் கூழைச் சாப்பிட்டால் பாவமில்லையா? துணைக்கு அவளும் அதையே சாப்பிட்டாள். கடிக்காமல் விழுங்குவது எவ்வளவு சுகம் என்று அவள் மட்டும்தான் அறிவாள். இவர் பல்வலி நமக்கு நல்ல மறைவாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, உடனே அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருநாள் கடையில் வலி மாத்திரை அட்டை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை நீ எடுக்கலாமா?"

"நானா? கல்லீரல் டாக்டரைக் கேக்காம எந்த வலி மாத்திரையும் எனக்கு ஆகாது. ஆனா எனக்கெதுக்கு?"

"சும்மா, பொது அறிவுக்குக் கேட்டேன்" என்று அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். தனக்கும் வாங்கிக்கொள்ளவில்லை.

இத்தனை வைத்தியத்துக்கும் அவர் வலி அசையவில்லை. அவள் வீக்கமோ அசைந்தது, பெரிசாகும் திசையில். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவளுக்கு உடம்பு கதகதவென்றிருந்தது. காவல்காரர்கள் தூங்குகிற வீட்டில் காய்ச்சல் என்பது அலட்சியம் பண்ணுகிற சமாசாரமில்லை. உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தபடி டீயை அவரிடம் நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது அவர் விரல்கள் அவள் விரல்களில் பட்டு, ஒரு கணம் அங்கேயே நின்றன.

"ஐயோ!" என்று அலறி அவர் நாற்காலியில் சரிந்தார்.

"என்னங்க!"

"தாங்கலம்மா! பல்லு... இப்பவே, இந்த நிமிஷமே டாக்டர்கிட்ட போகணும்!"

டீ ஆறுவதற்குள் காரைக் கிளப்பிவிட்டாள். இருபத்து சொச்சம் பேருக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தவள், அன்று அடித்த ஹார்னுக்கு அளவேயில்லை.

பல் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் கணவர் நின்றுவிட்டார். குனிந்து அதன் அடிப்பாகத்தை ஆராய்ந்தார்.

"இது ஏறி இறங்குற விதமே எனக்குப் பிடிக்கல. எண்ணெய் அழுத்தத்துல ஓடுற மெஷின். நீ முதல்ல உக்காரு. தாங்குதான்னு பார்ப்போம்."

"விளையாடுறீங்களா? வலி யாருக்கு?"

"எனக்குதான். ஆனா நீ உக்காந்து, வாயைத் திறந்து, எழுந்து வந்தாத்தான் நான் உக்காருவேன். இல்லாட்டி வீட்டுக்குப் போவோம்."

பல் டாக்டர் ஒரு அம்மா. நெற்றியில் விளக்கு. "பரவாயில்ல, வாங்கம்மா. ஒரு நிமிஷம்தானே?" என்றார்.

வேறு வழியில்லை. படுத்தாள். பல நாளாக யாருக்கும் திறக்காத வாயைத் திறந்தாள்.

டாக்டர் விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?"

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கணவர் தூரத்தில், சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லீரல், மாத்திரைகள், ரத்தம், காய்ச்சல்.

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "கருவி படுறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அதுவே பாதி வைத்தியம். இன்னிக்கு நான் எதையும் சுரண்டப் போறதில்ல. முதல்ல ரத்தம் உறையுற அளவைப் பார்க்கணும். உங்க கல்லீரல் டாக்டர்கிட்ட இப்பவே போன்ல பேசுறேன். காய்ச்சலுக்கும் சீழுக்கும் என்ன மருந்துன்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணுறோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுத்தம் பண்ணலாம். நீங்களா எந்த மாத்திரையும் நிறுத்தக் கூடாது, சேர்க்கவும் கூடாது."

"டாக்டர்... இது புது நோயா?"

"இல்லம்மா. பழைய நோயோட பக்கத்து வீட்டுக்காரன். சத்தம் போட்டா அடங்கிடுவான்."

"பல்லு?"

"ஒண்ணும் போகாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது."

அவள் கண்ணில் நீர் கோத்தது. விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அவள் எழுந்ததும் முதல் வேலையாகக் கணவர் கையைப் பிடித்தாள்.

"இப்ப நீங்க."

"எனக்கு இப்ப பரவாயில்லம்மா. வலி போயிடுச்சு."

"எங்க போகும்? கிளட்ச்சை மிதிச்சுட்டு வண்டி நின்னுடுச்சுன்னு சொல்ற ஆளுங்களை நான் நிறையப் பார்த்தாச்சு. உக்காருங்க!"

"இன்னொரு நாள்..."

"உக்காருங்கன்னா!"

நரைத்த தலை நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். "டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம், வாங்க சார்." கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஒத்திகை பார்த்தாள். ஏங்க, ஒண்ணு சொல்றேன், பதறக் கூடாது. இல்லை, அப்படி ஆரம்பித்தால் பதறிவிடுவார். டாக்டர் நல்ல செய்தி சொன்னாங்க என்று தொடங்கலாம். இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே குளியலறையில் இருந்தும் அந்த மனிதருக்குத் துளிகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டோமே என்று அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தன் வலியிலேயே துடித்துக்கொண்டிருந்தவருக்கு எங்கே கவனித்திருக்க நேரம்?

கதவு திறந்தது. நர்ஸம்மா எக்ஸ்ரே படத்தோடு வந்தார். முகத்தில் ஏதோ குழப்பம்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பல்லு வலி?"

"வலது பக்கம், கீழே, கடைசிப் பல்லு. நாள் கணக்கா துடிக்கிறார், பாவம். ஏன், ரொம்ப மோசமா இருக்கா?"

நர்ஸம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு தடவை அதையும் ஒரு தடவை அவளையும் பார்த்தார்.

"அந்த இடத்துல பல்லே இல்லையேம்மா."