ஆயிரத்து நானூற்று ஏழு புத்தகங்களும் ஒரு பீப் சத்தமும்

என் சொந்த அத்தையை நான் திருடியாக்கியிருக்கிறேன். எழுத்து மூலமாக, வரிசை எண் போட்டு, மூன்று பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு. கோபத்தில் வாய்தவறிச் சொல்லியிருந்தால் காலில் விழுந்து சரிசெய்திருக்கலாம். நான் நிதானமாகச் செய்தேன். அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் நிதானம்தான். (பட்டியல் போடுவதையும் சேர்த்தால் இரண்டு.)

தொண்ணூறுகளின் கடைசி. எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நிறுவனம் என்றால் முதலாளி அண்ணாச்சி, நான், இரண்டு கம்ப்யூட்டர்கள். அண்ணாச்சி ஒருமுறை சென்னைக்குப் போய் ஒயர் இல்லாத பார்கோடு ஸ்கேனர் ஒன்றை வாங்கி வந்தார். கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். விசையை அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் கோடுகளைப் படிக்கும். படித்த எண்ணை வானொலி அலை வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு பீடத்துக்கு அனுப்பும். தெற்கே இது முதல் ஸ்கேனர் என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் அது என்னவென்று தெரியாததால்.

அதற்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு கல்லூரி நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. அங்கே முப்பது வருடமாக நூலகர், என் அப்பாவின் தங்கை கோமதி அத்தை. அந்த மாதக் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு. ஒவ்வொரு புத்தகத்தையும் எண்ணி, கணக்குச் சரி என்று மூன்று பேர் கொண்ட குழு எழுதித் தந்தால்தான் நூலகரை விடுவிப்பார்கள். கையால் எண்ணினால் இரண்டு மாதம் ஆகும். ஒவ்வொரு புத்தகத்திலும் அதன் எண்ணுக்குரிய கோட்டுச் சீட்டை முன்பே ஒட்டியிருந்ததால், ஸ்கேனரால் நான்கே நாள்.

அவள் என் அத்தை என்பதை நான் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. தொழில் வேறு, உறவு வேறு என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். முதல் நாள் எல்லோர் முன்னாலும் அவளை "மேடம்" என்று கூப்பிட்டேன். அத்தை அலமாரிக்குப் பின்னால் என்னை ஓரங்கட்டினாள்.

"ஏட்டி, மேடமா? ஒனக்கு மூக்கு ஒழுகையில முந்தானையால தொடச்சிவிட்டது எந்த மேடம்ட்டி?"

"வேலை இடம் அத்தை. பைய பேசுங்க."

"சரிங்க மேடம்" என்றாள் அத்தை, எனக்கு.

ஸ்கேனரைத் தயார் செய்ய ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பேட்டரியை முழுதாக ஏற்ற வேண்டும். பீடத்தைக் கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள, பீடத்தின் மேல் ஒட்டியிருக்கும் கோடுகளை ஸ்கேனரால் படிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு திரை அடுத்த வரிக்குப் போகும்படி வைக்க வேண்டும். ஐந்தாவது, பீப் சத்தம். கையேடு இரண்டு வழி சொன்னது. கோடுகளைப் படித்தவுடன் பீப் அடிக்க வைக்கலாம். அல்லது எண் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்து, சேர்ந்துவிட்டது என்று பதில் வந்த பிறகு அடிக்க வைக்கலாம். இரண்டாவது கொஞ்சம் தாமதம். எனக்குத் தாமதம் பிடிக்காது. முதலாவதை வைத்தேன். ஆறாவது, சோதனை. மேஜையில் பத்துப் புத்தகங்களை அடுக்கிப் படித்தேன். பத்தும் திரையில் வந்தன. டிக் அடித்தேன். பீடத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் அப்போது ஒரு முழ தூரம் இருந்தது.

நூலகத்தில் முன் கூடம் ஒன்று, பின்னறை ஒன்று. கம்ப்யூட்டரையும் பீடத்தையும் முன் கூடத்தில் வைத்திருந்தேன். பின்னறை பழைய கட்டடம். இரண்டு அடி சுண்ணாம்புச் சுவர், கனத்த இரும்புத் தகட்டுக் கதவு. எப்போதோ ஒரு புறா உள்ளே புகுந்து கலைக்களஞ்சியத்தின் மேல் குடும்பம் நடத்திவிட்டதிலிருந்து, உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அத்தை அந்தக் கதவைச் சாத்திவிடுவாள். அதற்கு ஒரே சாவி. அது அவளுடைய இடுப்பில் இருக்கும்.

நான்கு நாளும் நான் அலமாரி அலமாரியாக நடந்தேன். பீப். பீப். பீப். பின்னறையில் அத்தை புத்தகங்களைச் சாய்த்துக் காட்ட, நான் விசையை அழுத்தினேன்.

"பல்லி சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றாள் அத்தை. "ஒண்ணுகூட விடாமச் சொல்லுதே!" அவளுக்குப் பெருமையாக இருந்தது. மருமகளைப் பற்றியா, தன் புத்தகங்களைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் பற்றித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் பதிவேட்டோடு ஒப்பிட்டு அச்செடுத்தோம். ஆயிரத்து நானூற்று ஏழு புத்தகங்கள் இல்லை. எல்லாமே பின்னறைப் புத்தகங்கள்.

குழுத் தலைவர் ஆவுடையப்பன் சார், வணிகவியல் பேராசிரியர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மெஷின் தப்புப் பண்ணுமா?"

"பண்ணாது சார்."

"எழுதித் தருவியா?"

எழுதித் தந்தேன். யாராவது எழுதித் தரச் சொன்னால் எனக்கு அப்போதெல்லாம் உற்சாகம் பிறக்கும். ஒன்று: கருவி முறைப்படி சோதிக்கப்பட்டது. இரண்டு: ஒலி எழுந்த ஒவ்வொரு புத்தகமும் பதிவாகும். மூன்று: பதிவாகாத புத்தகம் சரிபார்ப்பின்போது அலமாரியில் இல்லை. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. இரண்டோடு நிறுத்தினால் பட்டியல் மொட்டையாக இருக்கிறதே என்று சேர்த்தேன்.

அத்தை அந்தத் தாளைப் படித்தாள். பின்னறைக்குப் போய், கை நிறையப் புத்தகங்களோடு வந்து மேஜையில் வைத்தாள்.

"இந்தா இருக்கு சார். இல்லங்கிற லிஸ்ட்ல இருக்கதுதான். நம்பரைப் பாருங்க."

ஆவுடையப்பன் சார் எண்களைச் சரிபார்த்தார். சரியாக இருந்தன.

"நேத்து வரைக்கும் இல்லாத புத்தகம் இன்னைக்கு எப்படிம்மா வந்துட்டு?"

"அங்கனதான் சார் இருந்துச்சு."

"மெஷின் இல்லங்குதே."

"மெஷின் என்னமும் சொல்லட்டும் சார். புத்தகம் ஒங்க முன்னாலதான இருக்கு?"

"அதைத்தாம்மா நானும் கேக்கேன். பின்னறைச் சாவி யார்ட்ட இருக்கு?"

"என்ட்டதான்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது தலைகீழ்க் கணக்கு. அத்தை தேடத் தேடப் புத்தகங்கள் கிடைத்தன. கிடைக்கக் கிடைக்க அவள் மேல் சந்தேகம் கூடியது. முதல் நாள் நாற்பது. மறுநாள் நூற்றுப் பத்து. வீட்டுக்குக் கொண்டு போனதையெல்லாம் பயந்துபோய் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள் என்று குழு முடிவு செய்தது. "நூல்கள் தொடர்ந்து திரும்பி வந்துகொண்டிருக்கின்றன" என்று குறிப்பு எழுதினார்கள். மூன்றாம் நாள் அவள் கைப்பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு தூக்குச்சட்டி, ஒரு குடை, பாபநாசம் கோயில் திருநீற்றுப் பொட்டலம். நான்காம் நாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தேடுவதும் நின்றது.

நான் என்ன செய்தேன்? அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகங்கள் காணாமல் போகக் காரணங்கள் என்று பட்டியல் போட்டேன். இடம் மாறி வைத்திருக்கலாம். இரவல் போயிருக்கலாம். பதிவேட்டில் பிழை இருக்கலாம். நான்காவதாக, "அத்தை" என்று எழுதினேன். உடனே அடித்துவிட்டேன். ஆனால் அடிப்பதற்கு முன் எழுதியிருந்தேன்.

மாதக் கடைசி நாள் வந்தது. எங்கள் பக்கம் ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, காரில் உட்கார வைத்து, கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வீடு வரை வந்து விட்டுப் போவார்கள். சேரன்மகாதேவியில் அத்தை வீட்டில் காலையிலிருந்தே சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கேசரியும் காபியும் தயார். நடந்ததைப் பற்றி அத்தை வீட்டில் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. எப்படியும் ஒரு மாலையாவது போடுவார்கள் என்று நம்பினேன்.

ஐந்தரை மணிக்கு டவுன் பஸ் வந்து நின்றது. அத்தை தூக்குச்சட்டியோடு தனியாக இறங்கி நடந்து வந்தாள். அவள் கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது: விசாரணை நிலுவையில்.

ஆலத்தித் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவுக்குச் சுற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அத்தை தட்டைப் பார்த்தாள்.

"கொட்டிருங்க மதினி. சேலைல பட்டா கறை போவாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேசரியை யாரும் தொடவில்லை. என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம், அலுவலகத்தில் ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டே டீ வாங்கக் கீழே இறங்கினேன். மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. சும்மா விசையை அழுத்தினேன். பீப். மேலே வந்து திரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி கீழே போய் இன்னொரு பாக்கெட். பீப். மேலே வந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு மாடி மட்டும் நடுவில் இருந்தது. இரண்டு அடிச் சுவரும் இரும்புக் கதவும் என் நினைவுக்கு வந்தபோது நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். (கடைக்காரர் சோடா கொடுத்தார்.) முன் கூடத்தில் படித்த எண்களும், பின்னறைக் கதவு திறந்திருந்த கொஞ்ச நேரத்தில் படித்தவையும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சாத்தியிருந்தபோது படித்தவை எங்கேயும் போகவில்லை. பீப் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அடித்திருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"சொல்லிராதம்மா. கம்பெனி பேரு நாறிப் போவும். பைய பேசிக்கிடலாம்."

மறுநாள் காலையில் நான் கல்லூரியில் இருந்தேன். குழு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் அத்தை என்பதையும் சொன்னேன். கொள்கையைக் கைவிட அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது.

"ஓஹோ, அத்தையா? மொதல்ல மெஷின் தப்பே பண்ணாதுன்னு எழுதித் தந்த. இப்பம் பண்ணும்னு சொல்லுத. இதுல எது பொய்?" என்றார் ஆவுடையப்பன் சார்.

"ரெண்டுமே நெசமா நம்பித்தான் சார் சொன்னேன்."

செய்து காட்டச் சொன்னார்கள். அத்தையையும் வரவழைத்தார்கள். பின்னறையில் குழு, முதல்வர், வேடிக்கை பார்க்க ஆறேழு பேர். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஓர் எழுத்தர். நான் ஒரு புத்தகத்தைப் படித்தேன். பீப்.

"வந்துட்டு!" என்று எழுத்தர் வெளியிலிருந்து கத்தினார்.

அடுத்தது. "வந்துட்டு!" அடுத்தது. "இதுவும் வந்துட்டு!"

ஆவுடையப்பன் சார் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தார். நிதானம் என்னை விட்டுப் போவதை முதல் தடவையாக உணர்ந்தேன். அழுதுவிட்டேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கதவைச் சாத்தாம எல்லாரும் இப்படி நின்னா புறா வராதா?"

பழக்கதோஷத்தில்தான் சொன்னாள். தானே போய்ச் சாத்தினாள். நான் விசையை அழுத்தினேன். பீப். வெளியே சத்தமில்லை. பீப். பீப். இருபது புத்தகம் படித்தேன். கதவைத் திறந்தபோது எழுத்தர், "என்ன சார், நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் சார் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து அலமாரியில் சாய்ந்தார்.

"அப்பம்… புத்தகமெல்லாம் எங்க?" என்றார் ஆவுடையப்பன் சார்.

"நீங்க சாஞ்சிக்கிட்டு நிக்கியளே சார், அந்த அலமாரிலயே நூறு இருக்கும்" என்றாள் அத்தை.

கணக்குச் சரி என்று உத்தரவு வந்தது. பிரிவு உபசார விழாவுக்குத் தேதி கேட்டு ஆள் வந்தது. "ஒருக்க ரிட்டயர் ஆயாச்சு. மறுபடி எப்படி ஆவ?" என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. முப்பது வருட வேலையின் கடைசி நாளாக அவளுக்கு மிஞ்சியது அந்த டவுன் பஸ்தான். அதை என்னால் திரும்ப வாங்கித் தர முடியாது.

மன்னிப்புக் கேட்டு ஏழு குறிப்புகள் கொண்ட ஒரு கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏழாவதும் ரெண்டாவதும் ஒண்ணுதான்" என்று திருப்பித் தந்தாள். பிறகு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் அவள் வீட்டு அடுக்களையில் நான் நின்றுகொண்டிருந்தபோது குக்கர் கூவியது. "விசில் வந்துட்டு அத்தை" என்றேன்.

"சத்தம் வந்துட்டு, சரி. சோறு வந்துட்டான்னு பாரு" என்றாள்.

ஆவி அடங்கியதும் அழுதுகொண்டே மூடியைத் திறந்தேன். அரிசி வேகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது நிரந்தரமாகிவிட்டது. தபால்காரர் மணி அடித்தாலும், மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி போன் செய்தாலும், யாராவது அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நான்தான் முதலில் சிரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

என் மகள் பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தவள் அத்தை. குழந்தை வீறிட்டது. நர்ஸ் கதவை லேசாகத் திறந்து, "அழுத சத்தம் கேட்டுச்சாம்மா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"சத்தம் வந்துட்டு. பிள்ளை வந்துட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர், "அசையாதம்மா!" என்று அதட்டினார்.