நிரூபித்தால்தான் நம்புவார் போடில்

வெளியே மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இந்தத் தெருவில் பெய்கிறது" என்று மட்டும் ஒப்புக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. ஆதாரம் கேட்போர் இனம். எங்கள் டென்மார்க்கில், ஓடென்ஸே நகரத்தில், இந்த இனத்தின் தலைவி என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். மூட்டுவலிக்கு மருந்து கண்டுபிடிப்பதில் பாதி வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் போடில்தான் அவர்.

இந்தக் குணத்தால்தான் அவருக்கு வேலையே கிடைத்தது. மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் பெண்கள் குப்பி கழுவிக்கொண்டிருந்த காலம்.

"பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்படாதும்மா" என்றார் பேராசிரியர்.

"எத்தனை பேரை வச்சுப் பாத்தீங்க, சார்?"

"ஒருத்தரையும் இல்ல."

"அப்போ என்னை வச்சுப் பாருங்க."

பேராசிரியர் என்ன செய்வார்? வைத்துப் பார்த்தார். அந்தக் கூடத்தில் ஆராய்ச்சி செய்த முதல் பெண் போடில்தான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்குப் பெயர் அறிவு. வீட்டில்? முழங்காலில் முட்டைக்கோஸ் இலையைக் கட்டியதும் வலி பறந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு பிர்த்தே வந்து சொன்னால், "ரெண்டு கால்லயுமா கட்டினீங்க? அடடா, ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணைச் சும்மா விட்டிருக்கணுமே!" என்பார். தன் அம்மா காடியில் ஊறவைக்கும் மீனுக்கு ஈடில்லை என்று கணவர் ஸ்வென் ஒருநாள் வாய்தவறிப் பெருமைப்பட்டுவிட, அவர் கண்ணைக் கட்டி, அம்மா மீனையும் கடை மீனையும் மாற்றி மாற்றி ஊட்டினார். கடை மீன் ஜெயித்தது. மாமியார் வெகுநாள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்வென் தபால்காரர். சைக்கிள் மிதித்தே முழங்கால் தேய்ந்துபோனவர். இன்னும் மோசமானால் அலுவலகத்தில் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தெருத்தெருவாக அரட்டையடித்துப் பழகிய மனிதருக்கு அது சிறைத்தண்டனை.

அந்த நேரத்தில்தான் போடிலின் மருந்து பரிசோதனைக்கு வந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று பரிசோதனையை நடத்திய டாக்டர் ஹோல்கருக்கே கடைசிவரை தெரியாது. ஸ்வென்னும் அதில் சேர்ந்துகொண்டார். வீட்டில் ஒருவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளியின் வலியை விசாரிக்க வேண்டும், சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும், எதிர்க்கேள்வி கூடவே கூடாது என்று ஒரு விதி. விதியை வகுத்தவர் போடிலேதான்.

பாவம், அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஆனால் ஸ்வென் நாளுக்கு நாள் தேறினார். சைக்கிளில் விசிலடித்தபடி போனார். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்த போடில், எந்த ஆதாரமும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நம்பினார்: இவருக்குக் கிடைத்திருப்பது என் மருந்துதான்.

முடிவு வந்தது.

"மருந்து ஜெயிச்சிடுச்சு, போடில்!" என்று கையைக் குலுக்கிய ஹோல்கர், கொஞ்சம் தயங்கி, "ஆனா உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டது மாவு மாத்திரை" என்றார்.

போடில் நேரே வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"அப்புறம் எப்படி, ஸ்வென், உனக்கு வலி குறைஞ்சுது?"

ஸ்வென் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா வலிக்குதுன்னு சொன்னாலே குறுக்கு விசாரணைதான். இப்பத்தான் பக்கத்துல உக்காந்து கேட்ட. சொன்னதை நம்பின. வேற என்ன மாறிச்சு? நீயே சொல்லு."

போடிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இனத்தின் குணம் விடுமா? "ஒரே ஆளை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்றார்.

மறுநாள் காலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "முழங்கால் எப்படியிருக்கு?"

"பரிசோதனைதான் முடிஞ்சுபோச்சே!"

"தெரியும். சொல்லு."

ஒரு தபால்காரரின் முழங்காலை வைத்து இதை எப்படி நம்புவது என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுகிறதா? நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று. இன்று வீட்டில் ஒருவர் தலை வலிக்கிறது என்று சொன்னபோது, "போனையே பாத்துக்கிட்டிருந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று கேட்டவரும் நீங்கள்தானே?