மாப்பிள்ளை கம்பெனியில் என்ன செய்கிறார்கள்?

"'நாளைய உலகுக்கான முழுமையான தீர்வுகள்'னு போட்டுக்கீது நைனா" என்றான் அப்ரார்.

பரசுராமன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "நாளைக்கு இருக்கட்டும் பாய். இன்னிக்கு இன்னா செய்றாங்க?"

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே அப்ராரின் பிரவுசிங் சென்டர். பரசுராமனின் மகள் இளமதிக்கு வரன் வந்திருந்தது. பையன் வீரராகவன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சேல்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி என்ன செய்கிறது என்று தரகருக்கே தெரியவில்லை. இளமதிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவள் என்ன செய்கிறாள் என்று பரசுராமன் கேட்டதில்லை.

திரையில் கம்பெனியின் வெப்சைட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல எவன் மொதலாளி?"

"அத்த போடல நைனா."

போன் செய்தார்கள். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. ஒன்பதை அழுத்தியதும் மறுபடி முதலிலிருந்து வரவேற்றது.

"கேள்வி கேக்க ஒரு ஃபாரம் கீது" என்ற அப்ரார், என்ன செய்கிறீர்கள் என்று அதில் எழுதினான். எத்தனை வேண்டும் என்ற கட்டத்தை நிரப்பாமல் ஃபாரம் போக மறுத்தது.

"ஒண்ணு போடு. ஒரு மாப்பிள்ளைதான?"

ஐயாயிரத்துக்குக் குறைவாக அது ஏற்கவில்லை. அப்ரார் ஐயாயிரம் போட்டான். நிறுவனத்தின் பெயர் கேட்டது. "பரசுராமன் அண்ட் கோ" என்று அடித்து, வீட்டு விலாசத்தோடு அனுப்பினான்.

மறுநாள் காலை டையும் பையுமாக ஒருவன் வாசலில் நின்றான். தரகர் கொடுத்த போட்டோவில் பார்த்த அதே முகம்.

"பரசுராமன் அண்ட் கோ இதானுங்களா?"

"உள்ள வாங்க மாப்ள."

சுவரில் இளமதியின் படத்தைப் பார்த்த பிறகுதான் அது பெண் வீடு என்று வீரராகவனுக்குப் புரிந்தது. "அப்ப அஞ்சாயிரம் ஆர்டரு?"

"மொதல்ல இன்னா பொருளுன்னு சொல்லுங்க."

அவன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். வாளிக்கு மாட்டும் கம்பிப் பிடி.

"இத்த எழுதுறதுக்கு இன்னா கேடு?"

"முன்ன அப்டித்தான் எழுதியிருந்துச்சு மாமா. மெட்ராஸ்ல எவனோ புதுசா எழுதிக் குடுத்தான். ஒரு வருசமா ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் மொத ஆளு. இந்த ஆர்டரும் இல்லன்னா என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அப்படியானால் கல்யாணமும் இல்லை. பரசுராமனுக்குக் கோபம் வந்தது. "அத்த எழுதினவன் என் கையில கெடைக்கட்டும்."

காப்பியோடு வந்த அவர் மனைவி ஜானகியம்மாள், பையிலிருந்து நழுவிய விளம்பரத் தாளை எடுத்தாள். கை குலுக்கும் அதே இரண்டு வெள்ளைக்காரர்கள், கீழே அதே 'முழுமையான தீர்வுகள்'. அவள் முகம் மலர்ந்தது.

"ஏங்க, இத்த எழுதினதுக்குத்தான நம்ம இளமதிக்கு ஆபீஸ்ல புரமோஷன் குடுத்தாங்க?"