துரை புல்லைத் தொடாத விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவது என் முதல் கடமை. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது இரண்டாவது. இரண்டும் முடிந்தன. கப்பலில் இருக்கும் தங்கள் மாப்பிள்ளை போன வாரம் பேசினான். கடல் அமைதியாக இருக்கிறதாம். வீட்டில்தான் கொந்தளிப்பு.

விஷயம் முயல். தங்கள் மகள் பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொல்லி என் பொறுப்பில் விட்டுப்போன முயல். "மாமா, துரைய பாத்துக்கங்க. புல்லு மட்டும் எப்பவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு தங்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். பத்து நாள் இருபத்து மூன்று நாளாகிவிட்டது. அலுவலக வேலையை அங்கிருந்தே கணினியில் செய்துகொள்கிறாள் என்று கேள்வி. சந்தோஷம். எப்போது வருவாள், வருவாளா என்று அவளும் சொல்லவில்லை, தாங்களும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நான் முயலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. இருநூற்று நாற்பது பையன்களை மணியடித்துச் சாப்பிட வைத்தவனுக்கு ஒன்றரைக் கிலோ முயல் எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் அவள் அறைக்குள் போய்ப் பார்த்தால், சம்பந்தி, சொன்னால் நம்பமாட்டீர்கள், துரை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகிற பிளாஸ்டிக் டிரேயிலேயே ஓரமாகக் காய்ந்த புல்லும் குவிந்து கிடக்கிறது. சாப்பாட்டுக் கூடமும் கழிப்பறையும் ஒரே இடத்தில்! பாவம், அவசரத்தில் கிளம்பிய பெண், கவனிக்காமல் கொட்டிவிட்டாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, டிரேயைக் கழுவிப் பின்கட்டில் வைத்தேன், புல்லை ஒரு தட்டில் எடுத்து முன்னறையில் வைத்தேன், காலை ஏழரை, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று நேரம் குறித்தேன், கால் மணி நேரத்துக்குள் தின்னாவிட்டால் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மணியும் அடித்தேன். மணி அடித்ததும் துரை பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

பசித்தால் தானே வரும் என்று விட்டேன். வரவில்லை. புல்லை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு நாற்காலிக் காலைக் கடிக்கும், நாளிதழைக் கடிக்கும், என் ஓய்வூதியப் புத்தகத்தின் அட்டையைக் கூடக் கடித்தது. பின்கட்டு டிரேக்கு ஒருநாளும் போகவில்லை. என் சாய்வு நாற்காலிக்கு அடியில், என் செருப்புக்குள், ஒருமுறை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் போர்வை மேலேயே மிளகு மிளகாகப் போட்டுவிட்டு நிதானமாக இறங்கிப் போனது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இதற்கு நாலு கால் இருக்கிறது, நாலில் ஒன்றுகூட என் பேச்சைக் கேட்பதில்லை. கடைசியில் மனசு கேட்காமல் பிஸ்கட்டும் காரட்டும் கொடுத்தேன். அதை மட்டும் பிடுங்கித் தின்றது. தங்கள் வீட்டில் இருந்தபோது பிஸ்கட்டுக்குப் பழக்கியவர் தாங்கள்தான் என்று மருமகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் பிஸ்கட்டையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். சின்ன வயசுப் பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, முயல் நாள் பூரா புல்லைக் கொறிச்சுக்கிட்டே இருக்கணும். குடல் நின்னுபோனா உயிருக்கே ஆபத்து. பல்லும் தேயாம வளந்துகிட்டே போகும். புல்லை எங்க வெக்கிறீங்க?"

சொன்னேன். நேரத்தையும் சொன்னேன்.

"டிரேயிலயே ஒரு ஓரமா வைங்க. முயல் தின்னுக்கிட்டேதான் போகும், போய்க்கிட்டேதான் தின்னும். அதோட வழக்கமே அதான்."

"கக்கூஸ்ல சாப்பாடாம்மா? நான் இதுக்காக ஒரு பையனை ஒரு வாரம் வெளிய அனுப்பியிருக்கேன்!"

"அந்தப் பையன் முயல் இல்லீங்களே" என்று சிரித்தாள். அப்புறம் ஊசி போட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அது சாப்பிடற நேரத்துக்கு வரலேன்னு சாப்பாட்டைப் பூட்டியா வெச்சீங்க?"

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் அது தங்கள் மகளின் பெருந்தன்மை. மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இருந்தவரை சமையலறைச் சாவி என் கைக்கு வந்ததில்லை. அவள் போனபிறகு வந்தது. வந்ததும் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: கதவில் நேரப் பட்டியல் ஒட்டினேன், எட்டேகாலுக்குப் பூட்டினேன். மருமகள் ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து வருபவள். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் சாவி கேட்டதில்லை. அவள் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைசி நாள் பூட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் முன்னறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "என்னம்மா, நேரமாயிடுச்சா?" என்று கேட்டேன். "ஆமா மாமா" என்றாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். மறுநாள்தான் பெட்டியை எடுத்தாள். அடடா, ஒழுங்கான பெண், விதியை மதிக்கிறாள் என்று அன்றைக்கு நான் மெச்சிக்கொண்டேன். இப்படி ஒரு மடையனைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

டிரேயைத் திரும்ப வைக்க அவள் அறைக்குள் போனபோது ரொட்டிப் பொட்டலக் காகிதங்கள் மேஜை இழுப்பறையில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எண்ணவில்லை. நிறைய இருந்தன. என் வீட்டில், என் மருமகள், ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். பட்டியலையும் கிழித்தாயிற்று, பசை மட்டும் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

போகட்டும், முயலுக்கு வருகிறேன். மருத்துவர் சொன்னபடி டிரேயை மறுபடி அவள் அறையிலேயே வைத்து, புல்லையும் அதில் வைத்துப் பார்த்தேன். ஒரு பயனும் இல்லை. இன்றுவரை ஒரு புல்லைத் தொடவில்லை. ஏதோ காரட் துண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாசற்பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. அவள் கையால் வைத்தால்தான் தின்னும் என்பது என் கருத்து. ஆகையால் தயவுசெய்து மருமகளை உடனே அனுப்பி வைக்கவும். காலதாமதம் செய்தால் அந்த ஜீவனுக்கு நான் பொறுப்பல்ல.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மருமகளுக்கு என் ஆசிகள். அவள் வேளாவேளைக்கு, இல்லை, அவளுக்கு எந்த வேளையில் பசிக்கிறதோ அந்த வேளையில் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையில் போட்டு ஒட்டியதைப் பிரித்து இதை எழுதுகிறேன். துரை புல் தின்கிறது. மருத்துவரிடம் போய் வந்த மறுநாளே டிரேயில் ஏறி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. செருப்பும் போர்வையும் அன்றிலிருந்து சுத்தம். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அது இல்லை, நான்தான். முயல் சாகக் கிடக்கிறது என்றால் ஓடிவந்துவிடுவாள் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். மன்னிக்கவும். ஒரு பெண்ணை அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் துரையைக் கூடையில் வைத்து நானே கொண்டுவருகிறேன். அது அவளுடையது, அவளிடம்தான் இருக்கவேண்டும். வாசலிலேயே கொடுத்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன். "உள்ள வாங்க மாமா" என்று அவளாகச் சொன்னால் வருகிறேன். தாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.