குவாரிக்காரர் எனக்குச் சம்மந்தி ஆன கதை

மைக்கில் சொன்னதை மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியாது. உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் ரேடியோ செட் கட்டுகிற எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. (என் மனைவி பொற்கொடியைக் கேட்டால், இன்னும் உறைக்கவில்லை என்பாள்.)

எங்கள் ஊர்க் குன்றின் ஒரு பக்கத்தைக் கல்குவாரி ஏற்கெனவே தின்றுவிட்டது. மறுபக்கத்து அடிவாரத்தில் பழைய இலுப்பைத் தோப்பு. அதன் நடுவே ஓர் அரசும் வேம்பும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். குவாரியை அந்தப் பக்கமும் நீட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் கூடி வழக்குப் போட்டது. வீடு வீடாகத் துண்டேந்தி வசூல் செய்ததோ வக்கீலின் டீச் செலவுக்குக்கூடக் காணாது.

அப்போதுதான் அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்துவைத்து மொய் வாங்கலாம் என்று முடிவானது. பெண் வீட்டார் நானும் பொற்கொடியும். மைக் செட் இலவசம் என்றதற்குக் கிடைத்த பதவி அது. மாப்பிள்ளை வீட்டார் யார் என்பதில் தெருவுக்குத் தெரு முறுக்கிக்கொண்டார்கள். நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு திருப்புலிவனம் வரை போய் அறிவித்தேன்: "யார் வேண்டுமானாலும் வரலாம். அதிகச் சீர் கொண்டுவரும் குடும்பமே மாப்பிள்ளை வீட்டார். சம்மந்தி மரியாதை அவர்களுக்கே." போட்டி வந்தால் நிதி குவியும் என்று நினைப்பு. வழியெல்லாம் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று வேம்புக்கு மஞ்சள் புடவை, அரசுக்குப் பட்டு வேட்டி. சீர்த்தட்டுகளோடு பலரும் வந்தார்கள். கீழத்தெருக்காரர் ஏழு தட்டு வைத்து முன்னால் நின்றார். அவரைச் சம்மந்தியாக அறிவிக்க மைக்கை எடுத்த நேரம் மேளச் சத்தம் கேட்டது. திரும்பினால் ஒரு டிப்பர் லாரி. லாரி நிறையச் சீர்த்தட்டு. முன்னால் நடந்து வந்தவர் குவாரி முதலாளி. பக்கத்தில் அவர் மனைவி, கையில் தாலி வைத்த தட்டு.

மைக் ஆனில் இருப்பதை மறந்து "ஐயையோ" என்றேன். அது நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் போய், குன்றில் மோதி, திரும்பி எனக்கே கேட்டது.

"இன்னா நைனா, நீ தான மைக்ல சொன்ன, யாரு வேணா வர்லாம்னு?" என்றார் முதலாளி, நிதானமாக. "தட்ட எண்ணிக்க."

எண்ண வேண்டிய தேவையே இல்லை. சீரோடு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. யாரிடமிருந்து தோப்பைக் காப்பாற்ற இத்தனையும் செய்தோமோ, அவருக்கே சந்தனம் பூசி, மாலை போட்டு, சம்மந்தி முறைக்குக் கட்டிப்பிடித்தேன். போட்டோக்காரர் என்னை இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

வேம்புக்குத் தாலி ஏறியதும் முதலாளி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"கல்யாணம் ஆச்சி. இனிமே பொண்ணு எங்க வூட்டுச் சொத்து. அத இன்னா பண்றதுன்னு நாங்க பாத்துக்கறோம். சம்மந்திங்களுக்குள்ள கேஸ் எதுக்கு?"

ஊர் காப்பாற்றச் சொன்ன தோப்பை என் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அழுகை வந்தது, மாலையோடு அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

பொற்கொடி எழுந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவளோ நேராக முதலாளியின் மனைவியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பொண்ண உங்களாண்ட ஒப்படைக்கிறோம்க்கா. கண் கலங்காம பாத்துக்கோங்க." (சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.)

அந்த அம்மாள் மரத்தை அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் புடவை, அதன்மேல் தாம் கொண்டுவந்த தாலி. பிறகு கணவரைப் பார்த்தார்.

"மருமவ மேலயா மெஷின் ஏத்தப் போற?"

"இன்னாடி, மரம் தான அது."

"தாலிய நான் தான எடுத்துக்கினு வந்தேன். நம்ம புள்ளைக்கு இன்னும் பொண்ணு அமையல. நெனப்பு கீதா?"

முதலாளியின் கையில் மைக் ஆனில்தான் இருந்தது. (அணைக்க வேண்டியவன் நான். அணைக்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.) நான்கு குழாய்களிலும் குடும்பச் சண்டையைக் கேட்ட ஊர் முதலில் திகைத்தது, அப்புறம் சிரித்தது. அவர் முகத்தில் அப்போது தெரிந்த அதிர்ச்சி, என்னுடையதைவிடப் பெரியது.

அந்த இரண்டு மரங்களைச் சுற்றி அவரே வேலி போட்டார். இலுப்பைத் தோப்புக்கான வழக்கு இன்னும் நடக்கிறது. வக்கீலுக்குப் போனதில் பெரும்பகுதி அவர் கொண்டுவந்த சீர்தான்.

ஆனால் சம்மந்தி என்றால் சும்மாவா? தலை தீபாவளி, ஆடி, பொங்கல் என்று பெண் வீட்டுச் சீரை நான்தான் சுமக்கிறேன். தெருவில் டிப்பர் போனால் என் பிள்ளைகள், "அப்பா, உன் சம்மந்தி வண்டி போவுது" என்கிறார்கள். போன பொங்கலுக்குச் சீரோடு போனபோது அந்த அம்மாள், "பொண்ணு எப்டி கீறா? எதனா விசேஷமா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

பொற்கொடி தட்டைக் கீழே வைத்தாள். "வேலிக்கு வெளிய, தோப்பு பூரா வேப்பங்கன்னு மொளச்சிக்கினு கீதுக்கா. எல்லாம் உங்க பேரப் புள்ளைங்க."

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன முதலாளி அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"வேலிய எப்ப தள்ளிப் போடற?"